பேட்ஜில் எழுதிய எண்

மார்ச் 8, சனி

முதன்முறையாக ரசிகர் விழாவுக்குப் போனேன். எனக்குப் பிடித்த அந்த ஆற்றுக் கதைத் தொடருக்கு என்றே நடத்துகிறார்கள். பொருட்காட்சி அரங்கம் முழுக்கத் தலைகள். அட்டை வாள்கள், வர்ணம் பூசிய முகங்கள், மூன்று பேர் சேர்ந்து தூக்கி வந்த ஒரு முதலை வால்.

வாசலில் ஆளுக்கொரு பேட்ஜ். எத்தனை பாகம் படித்திருக்கிறோம் என்று எழுதி மாட்டிக்கொள்ள வேண்டும். மொத்தம் பதினான்கு. படிக்காத கதையை யாரும் நம்மிடம் உளறிவிடக் கூடாதே, அதற்கு. நல்ல ஏற்பாடு என்று நினைத்து 9 என்று எழுதினேன்.

ஒரு அக்கா சிரித்தபடி வந்தார். எண்ணைப் பார்த்தார். "ஐயோ, ஒன்பதுதானா? நான் வாயத் தொறந்தா வம்பு. படிச்சிட்டு வா செல்லம்." போய்விட்டார். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

என் வகுப்பில் இதைப் படித்த ஒரே ஒருத்தியும் பள்ளி மாறிவிட்டாள். யாராவது ஒருவரோடு பத்து நிமிடம் பேசினால் போதும் என்றுதான் போனேன்.

திரும்பும் பஸ்ஸில், கூட வந்திருந்த அம்மா கேட்டாள்: "இத்தன கூட்டத்துல உன்கூடப் பேச ஒரு ஆளு கெடைக்கலயா?"

"நெறைய பேசினேன்மா."

மார்ச் 9

நூலகத்தில் பத்தாம் பாகத்துக்கு எனக்கு முன்னால் ஆறு பேர் காத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 5, சனி

நூலக மாடியில் சின்னச் சந்திப்பு. முப்பத்தொரு நாற்காலிகள், எண்ணினேன். பெரிய விழாவில் நான் தனியாக நிற்பது யாருக்கும் தெரியவில்லை. இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். யாரோ "வாத்து" என்றால் போதும், அறையே சிரிக்கிறது. எனக்கு மட்டும் ஏன் என்று தெரியாது.

இங்கும் பேட்ஜ். 14 என்று எழுதினேன்.

உடனே நகர்ந்து இடம் விட்டார்கள்! ஒரு பல் டாக்டர், "வாம்மா, வா. பன்னெண்டுல படகுக்காரன் செத்தப்ப எத்தன நாள் அழுத? உண்மையச் சொல்லு" என்றார்.

படகுக்காரன். நான் படித்த ஒன்பதாம் பாகத்தில் உயிரோடுதான் இருந்தான்.

"மூணு நாள்" என்றேன்.

"மூணே நாளா! கல்நெஞ்சக்காரி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினேன். திரும்பி வந்து, இன்னும் ஒரு மணி நேரம் தலையாட்டினேன்.

ஏப்ரல் 6

யார்மேல் கோபப்படுவது? டாக்டர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவன் சாகப் போறான்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே எப்படிப் படிப்பேன்? ஏன் 14 என்று எழுதினேன் — தெரியும். நல்லாவே தெரியும்.

மே 18

பன்னிரண்டாம் பாகம் முடிந்தது. கண் காய்ந்தே இருந்தது. அந்த அழுகையை ஏப்ரலிலேயே கழிவறையில் தீர்த்துவிட்டேன்.

மே 31

பதினான்கும் முடிந்தது. சொல்ல ஆளில்லை.

ஜூன் 14, சனி

இந்த முறை ஒரு பள்ளியின் உள்விளையாட்டு அரங்கம். இருநூறு பேர் இருக்கலாம். மின்விசிறிச் சத்தம், பாதி நாற்காலி காலி. அந்த ஆரவாரமும் இல்லை, அந்த நெருக்கமும் இல்லை. பலர் என்னைப் போலத் தனியாக, சுவரோரமாக மொபைலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது என் 14 உண்மையான 14. இருந்தும் நானும் சுவரோரமாகத்தான் நின்றேன்.

சீருடையோடு ஒரு பஸ் டிரைவர் வந்தார். பேட்ஜில் 3.

"டூட்டி முடிஞ்சு நேரா வர்றேன். மூணுன்னு பாத்ததும் தொத்து வியாதிக்காரனப் பாத்த மாதிரி ஓடுறாங்கம்மா."

"எனக்கும் அப்படித்தான் அங்கிள் ஆச்சு."

"நீ பதினாலா! அப்ப சொல்லு, படகுக்காரன் கடைசிவரைக்கும் இருப்பானா? அவன் இல்லேன்னா நான் படிக்கவே மாட்டேன்."



"மூணுல, வெள்ளத்துல துடுப்பு போனதும் பாடுவானே. அது பிடிச்சுதா உங்களுக்கு?"

"பிடிச்சுதாவா? டிப்போல வண்டிய நிறுத்திட்டு சீட்லயே உக்காந்து படிச்சேன். செக்கர் வந்து கதவத் தட்டுறாரு, தூங்கிட்டேன்னு நெனச்சு!"

அந்த ஒரு பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மூன்றைத் தாண்டி ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை.

அம்மா வந்து, "போலாமா?" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா."

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.