தோல் ஒட்டிய புரோப்

பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. அப்போதும் நான் ஆம்பூர் வரவில்லை, உன் மனைவி பாபியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், மேசையில் ஒரு பழைய பிளாஸ்டிக் பையைப் பிரித்ததும் வந்த ஷூ பசை வாசனை.

பையைப் பிரித்த கதை ஒரு புது ஸ்கோப்பில், சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவியில், தொடங்குகிறது. சென்னை டீலர் ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். மலிவு ரகம்தான். ஆனாலும் நாலு சேனல், அகலத் திரை, சத்தமே இல்லை. நாம் சேர்ந்து வாங்கிய பழசுக்கு இரண்டே சேனல். குமிழை ஒரு படி திருப்பினால் இரண்டு படி தாவுகிறது. திரை மங்கி, சாயங்காலம் ஆனால் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாற்றலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. பழசு லாயக்கில்லை என்று யாராவது சொல்ல வேண்டும், அதைக் கேட்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் தேவையாக இருந்தது.

ஆம்பூர் பைபாஸ் பக்கம் நம் மாடி அறை. தோல் ஷெட்டுகளிலிருந்து மெஷின்களின் எலெக்ட்ரானிக் கார்டுகள் பழுது பார்க்க வரும். பார்த்து முடித்தவன் கார்டின் ஓரத்தில் மார்க்கரால் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் போடக்கூடாது. அந்த வழக்கம் நீ கொண்டுவந்தது. நீ டிப்ளமா, நான் பி.இ. என்னை எப்போதும் "இன்ஜினியரே" என்றுதான் கூப்பிடுவாய். அதில் கிண்டல் இருக்கிறதா என்று நான் தினமும் தேடுவேன். தேடினால் கிடைக்காதா?

ஸ்கோப் வந்த முதல் வாரமே ஷூ கம்பெனிக் கழிவிலிருந்து ஆட்டுத்தோல் துண்டு கொண்டுவந்து, இரண்டு புரோபின் கழுத்திலும் பசை வைத்து ஒட்டினாய். உனக்குத் தெரிந்ததுதான், பாபி படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். புரோப் என்பது கார்டைத் தொட்டுப் பார்க்கும் பேனா மாதிரியான முனை. அதன் கழுத்தில் ஒரு சின்ன சுவிட்ச். பத்தில் வைத்தால் எவ்வளவு வேகமான சிக்னலும் ஏறக்குறைய உள்ளபடி தெரியும். ஒன்றில் வைத்தால் சின்ன சிக்னல் பெரிதாகத் தெரியும், ஆனால் ஊசி போன்ற முட்கள் மழுங்கிவிடும். சுவிட்ச் பத்திலேயே நிற்கட்டும் என்றுதான் தோல். "கை பட்டா நகர்ந்துடும் இன்ஜினியரே. நீ வேற பேசிக்கினே வேலை செய்றவன்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் பொறுத்து, என் புரோபில் இருந்த தோலை பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

பிறகு அந்த கார்டு வந்தது. தோலின் பரப்பை அளக்கும் மெஷினுடையது. சில தோலுக்கு அளவு கூடிக் குறைகிறது என்றார்கள். நான் பார்த்தேன், அலை சுத்தமாக இருந்தது. நீ உன் புரோபை வைத்துப் பார்த்துவிட்டு, நடுநடுவே ஒரு முள் வருகிறது என்றாய். நீ வைத்த இடத்தில் நான் என்னுடையதை வைத்துப் பார்த்தேன். முள்ளே இல்லை என்றேன்.

"இல்லன்னு சொல்லாத இன்ஜினியரே. தெர்லன்னு சொல்லு."

நீ கையெழுத்துப் போடவில்லை. நான் போட்டு அனுப்பினேன்.

நாலாம் நாள் ஷெட்டுக்குக் கூப்பிட்டார்கள். அளவு மறுபடியும் தப்பு. தோல் தரம் பிரிக்கும் ஆட்கள் எல்லாரும் நிற்க, சூப்பர்வைசர் கார்டைத் தூக்கிக் காட்டி இது யார் கையெழுத்து என்றார். "எங்க இன்ஜினியர் பார்த்தது சார். திரும்பப் பார்த்துத் தர்றோம்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். எனக்கோ நீ என்னைக் காட்டிக்கொடுத்ததாகப் பட்டது. அவர்கள் வேறு கார்டு போட்டுக்கொண்டு இதை நம்மிடமே வீசினார்கள். மறுநாள் நான் பிரிந்துவிடலாம் என்றேன். நீ வாதாடவில்லை. "ஸ்கோப்ப நீயே எடுத்துக்க. அது இல்லாம உன்னால இருக்க முடியாது" என்றாய். அதையும் குத்தலாகவே எடுத்துக்கொண்டேன். என்றைக்காவது நீ சொன்னது பொய் என்று காட்ட, அந்த கார்டையும் வேலூருக்கு எடுத்து வந்தேன்.

அதன்பிறகும் வருஷா வருஷம் ஆம்பூரிலிருந்து யாராவது ஒரு கார்டோடு வருவார்கள். "இத இன்ஜினியர்தான் பார்க்கணும்னு பாய் சொன்னாரு" என்பார்கள். உன்னால் முடியாத குப்பையை என் தலையில் கட்டுகிறாய் என்று நினைத்தேன். கார்டின் ஓரத்தில் உன் கையெழுத்து இருக்காது. எனக்கென்று விட்ட இடம் அது என்று அப்போது தோன்றவில்லை.

இந்த வாரம் அந்தப் பழைய கார்டுக்கு மின்சாரம் கொடுத்து, புது ஸ்கோப்பை அதன் புரோபோடு வைத்தேன். முள் வந்தது. நீ சொன்ன அதே முள். வெட்கம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. தப்பு என்னுடையது இல்லை, பழைய ஸ்கோப்புக்குக் கண் தெரியவில்லை. வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பழசையும் போட்டேன். என் புரோபின் கிளிப் காலையில்தான் உடைந்திருந்தது. அதனால் பன்னிரண்டு வருஷமாகத் தொடாத உன் புரோபை எடுக்கப் பையைப் பிரித்தேன். தோல் காய்ந்து சுருங்கியிருந்தது, பிடி விடவில்லை.

பழைய ஸ்கோப்பின் மங்கிய திரையில் அதே இடத்தில் முள் நின்றது.

என் புரோபைத் தூக்கிப் பார்த்தேன். சுவிட்ச் ஒன்றில் இருந்தது. உடைந்த கிளிப்பைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்துப் பார்த்தேன், முள் இல்லை. பத்துக்குத் தள்ளினேன், இருந்தது. மறுபடி ஒன்றுக்கு, மறுபடி பத்துக்கு. எத்தனை தரம் தள்ளினேன் என்று தெரியவில்லை. அன்றும் அது ஒன்றில்தான் நின்றிருக்க வேண்டும்.

மத்தியானம் டீலர் கூப்பிட்டார். திருப்பி அனுப்புகிறேன் என்றேன். "பழசு இன்னும் பார்க்குதா சார்?" என்று சிரித்தார். பார்க்கிறது என்றேன்.

அந்த சூப்பர்வைசர்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீர்க்கும் உத்தேசமும் இல்லை. அந்தக் கணக்கில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உன்மேல் வைத்திருந்ததை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்திருக்கிறேன். செருப்பு தைப்பவரிடம் ஒரு துண்டுத் தோலும் கொஞ்சம் பசையும் வாங்கி வந்து, என் புரோபின் சுவிட்சைப் பத்தில் வைத்து ஒட்டினேன். உன் அளவுக்கு நேராக வரவில்லை.

இதை ஆம்பூர் வீட்டுக்கு, பாபி பேருக்குத் தபாலில் போடுகிறேன். உன் பக்கம்தான் சரி என்று அந்த வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். யார் எழுதியது என்று அவருக்குப் புரியும். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். பார்த்து முடித்தவன்தானே போட வேண்டும். நான் இன்னும் முடிக்கவில்லை. அப்படியே மடித்து உறையில் போடுகிறேன்.