கண்ணால் நின்ற கால்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடி பிசகிவிட்டது. இந்த முறை அலுவலக நடைவழியில், சமதரையில். பாலம் கட்டும் இடத்தில் இடது கணுக்கால் மடங்கியதிலிருந்து இதே கதைதான்: வீங்கும், வடியும், நான் மறந்திருக்கும் நேரம் பார்த்து மறுபடி மடங்கும்.

மேலாளர் இதற்காகவே காத்திருந்தவர் போல அழைத்தார். "இனிமே சைட்டு வேணாம் சார். உள்ள உக்காந்து வரைபடத்தப் பாருங்க."

வாழ்க்கையில் பாதியை நில அளவையில் கழித்தவன் நான். இனி அந்த வேலை என் உதவியாளன் மீசைக்கு. லெவல் கருவியை முக்காலியில் நிறுத்தவே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். "உடம்பப் பாத்துக்கங்கண்ணே" என்கிறான். துக்கம் விசாரிக்கிறானாம்.

மார்ச் 5, வியாழன்

மனைவியின் அண்ணன் வந்திருந்தார். "சமதரையில விழறதுக்கும் ஒரு திறமை வேணும் மாப்ள." இவள் சிரித்தாள். சிரித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

தசைநார் தளர்ந்திருக்கிறது, முதலில் உடற்பயிற்சிதான், அறுவை சிகிச்சையைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். மேலாளரிடம் போய் நின்றேன். "மே மாசம் மலைச்சரிவு வேலை ஆரம்பிக்குது. அதுக்குள்ள கால் சரியாயிருச்சுன்னு பிசியோ எழுதிக் குடுத்தா பாக்கலாம்" என்றார். அவர் அகராதியில் 'பாக்கலாம்' என்றால் முடியாது. எழுதி வாங்கி வருகிறேன், பார்க்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

பிசியோதெரபி அறை. ரப்பர் பட்டைகள், ஸ்பாஞ்ச் மெத்தை, ஒரு ஆளுயரக் கண்ணாடி. பிசியோ சின்னப் பெண். "அங்கிள், ஒத்தக் கால்ல நில்லுங்க." சார் என்று கூப்பிடச் சொன்னேன். "சரிங்க சார். இப்ப ஒத்தக் கால்ல நில்லுங்க."

மார்ச் 20, வெள்ளி

வலி. செய்தேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்று கல்தூண் மாதிரி நின்று காட்டினேன். ரகசியம் ஒன்றுமில்லை: சுவிட்ச் பலகையில் ஒரு திருகாணி, அதில் கண்ணைக் குத்தி வைத்துவிடுவேன். தொழில் பழக்கம். பிசியோ நான் பார்க்கும் திசையையே பார்த்தாள். பிறகு, "கண்ண மூடுங்க சார்" என்றாள். மூடினேன். சாய்ந்தேன். தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தன வாரமா நீங்க காலால நிக்கல சார். கண்ணால நின்னிருக்கீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நேற்றுப் படித்து முடித்தவள் எனக்கு நிற்கச் சொல்லித்தருகிறாள்!

ஏப்ரல் 8, புதன்

யோசித்துப் பார்த்தேன். சைட்டில் என் கண் எங்கே இருக்கும்? கருவியில். இல்லையென்றால் தூரத்தில் நிற்கும் அளவுகோலில். கோடு தெரிவதற்காகப் பின்பக்கமாகவே நடப்பேன். காலுக்குக் கண்ணைக் கொடுத்ததே இல்லை. அப்படியானால் திருகாணியைப் பார்த்துப் பழகிய கால் அங்கே எதற்கு ஆகும்? அவள் சொன்னது சரி. அதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 15, புதன்

கண்ணை மூடி, ஸ்பாஞ்ச் மேல், ஒற்றைக் காலில். கண்ணை மூடினால் மீசையின் முகம் தெரிகிறது. நல்லது, கூடக் கொஞ்ச நேரம் நிற்க முடிகிறது.

ஏப்ரல் 27, திங்கள்

ஒற்றைக் காலில் நின்றபடி பந்து பிடிக்க வேண்டுமாம், காலைப் பற்றிய நினைப்பே வரக் கூடாதாம். வீட்டில் மனைவி எறிகிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சேர்த்துவைத்த கோபம் எல்லாம் அந்தப் பந்தில் வருகிறது. "எதுக்குடி இவ்ளோ வேகம்?" என்றேன். "பள்ளம் மேடு சொல்லிட்டா வரும்?" என்கிறாள். விடவில்லை. பிடித்தேன்.

மே 11, திங்கள்

பிசியோ எழுதிக் கொடுத்துவிட்டாள். "கணுக்கால் பட்டை போட்டுக்கங்க. பயிற்சிய விட்றாதீங்க சார். விட்டா திரும்ப எங்கிட்டதான் வரணும்." மேலாளர் திருப்பித் திருப்பிப் படித்தார். கடைசியில், "ஒரு நாள் போய்ப் பாருங்க, மீசைக்குத் துணையா" என்றார்.

துணையா? நானா? இருக்கட்டும். போகிறேன்.

மே 19, செவ்வாய்

சரிவு முழுக்கச் சரளைக்கல். கருவி என்னிடம், அளவுகோல் மீசையிடம். மதியத்துக்குள் மேல்பாதியை முடித்துவிட்டோம். நாளையும் நானே போகலாம் என்று மேலாளர் போனில் சொன்னார். மற்றபடி ஒரு வார்த்தை கிடையாது.

திரும்பும்போது வண்டியில் மீசை கேட்டான்: "ஏண்ணே, பின்னால நடந்து வந்தப்ப குழில கால் போச்சே, வலிக்கலயா? நான் கத்தறதுக்கு வாயே தொறந்துட்டேன். நீங்க பாட்டுக்கு அளவு சொல்லிட்டு நின்னீங்க."

"எந்தக் குழி?" என்றேன்.

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன். அவன் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எடுத்துக்கொள்ளட்டும்.