செவ்வாய்க்கிழமைக்கு முன் ஓர் ஆபரேஷன் தேதி

அனுப்புநர்:
சு. ஜோதிலட்சுமி,
க/பெ. சுந்தரலிங்கம்,
கிழக்குத் தெரு, ஓடைப்பட்டி,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தேனி.

பொருள்: என் கணவரின் இருதய ஆபரேஷனுக்குத் தனியார் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது – அந்தக் காப்பீடு இருப்பதையே காரணம் காட்டி, அரசுக் காப்பீட்டு அட்டைக்குரிய வருமானச் சான்று தரப்படாதது – உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் தங்கள் முன் நிறைய மனுக்கள் சேரும் என்பதை அறிவேன். இதைக் கடைசி வரை படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நாங்கள் ஓடைப்பட்டியில் ஒரு ஏக்கருக்கும் குறைவான சொந்த நிலத்தில் திராட்சைப் பந்தல் போட்டுப் பிழைப்பவர்கள். என் கணவருக்கு இருதயக் குழாய்களில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போட முடியாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அரசு அட்டை இருந்தால் உடனே தேதி தருவதாகவும் சொல்கிறார்கள். எங்களிடம் அந்த அட்டை இல்லை.

2. ஏன் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் ஊரில் அட்டைக்கு முகாம் நடந்தபோது நானும் ரேஷன் கார்டோடு கிளம்பினேன். என் கணவரின் சித்தப்பா மகன் கார்த்திக்ராஜ் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் முகவர். அவர் வீடு தேடி வந்து, "அது இல்லாதவுகளுக்கு மதினி. அதுல போனா வரிசையில நிக்க விட்ருவாக. எங்க கம்பெனின்னா தனி ரூம்பு, தனி மரியாதை" என்றார். பந்தலுக்குச் சொந்தக்காரர் வரிசையில் நிற்கக் கூடாது என்று என் கணவருக்கும் பட்டுவிட்டது. முகாமுக்குப் போகவில்லை. தனியார் காப்பீட்டில் சேர்ந்தோம்.

3. சென்ற ஆண்டு எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு என் கணவர் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும் வரை ஊர் எல்லை தாண்டி இராத்தங்குவதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். கட்டிய மறுநாளே பந்தலுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சின்னமனூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஊசி, டிரிப்ஸ், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. இரண்டு நாள் இருக்க வேண்டும் என்றார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் இவர் டிரிப்ஸைக் கழற்றச் சொன்னார். டாக்டர் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார். "காப்புக் கட்டுன கையோட இங்கன படுக்க மாட்டேன் சார். சாகுறதுன்னாலும் எங்க ஊருல சாகுறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த ஆண்டு சட்டி எடுக்க உடம்பில் தெம்பில்லை. நேர்த்திக்கடன் பாக்கி நின்றுவிட்டது.

4. அந்தச் செலவைத் தரக் கேட்டதற்கு, இருபத்து நான்கு மணி நேரம் மருத்துவமனையில் தங்காததால் அதை உள்நோயாளி சிகிச்சையாகக் கருத இயலாது என்று நிறுவனம் பதில் அனுப்பியது. கார்த்திக்ராஜிடம் கேட்டேன். "அண்ணே ஒரு ராத்திரி படுத்திருக்கலாம்ல மதினி" என்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அன்று அவர் கையிலும் காப்பு இருந்தது.

5. பிறகு அறுவடை நேரத்தில் மழை பிடித்து, பழம் கொடியிலேயே வெடித்து அழுகிவிட்டது. வியாபாரி பந்தலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். காப்பீட்டைப் புதுப்பிக்கும் கெடுவில் பணம் கட்ட முடியவில்லை. "முன்னப் பின்ன ஆனா ஒண்ணுமில்ல, கட்டிக்கிடலாம்" என்று கார்த்திக்ராஜ் தைரியம் சொன்னார். தாமதமாகக் கட்டினோம். பணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

6. இப்போது ஆபரேஷனுக்கு அனுமதி கேட்டால், இடையில் விட்டுப்போனதால் இது புதிய காப்பீடாம். சின்னமனூரில் நெஞ்சு வலிக்குப் பார்த்தது பழைய நோயாம். அதற்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமாம். ஐயா, பணம் கேட்டபோது கணக்கில் வராத அதே சிகிச்சை, பணம் மறுக்க மட்டும் கணக்கில் வந்துவிட்டது. படித்தவர்கள் இதற்கு என்ன நியாயம் சொல்வார்களோ தெரியாது.

7. வேறு வழியின்றி அரசு அட்டைக்காக வருமானச் சான்று கேட்டு விண்ணப்பித்தேன். விசாரித்த அலுவலர், "வருசா வருசம் பிரைவேட்டுல கட்டுறீக. உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கார்டு?" என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார். என் தோட்டைக் கழற்றி அடகு வைத்து அந்தத் தவணையைக் கட்டினேன் என்று அலுவலகத்தில் அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்பீடு வாங்கியதால் நாங்கள் வசதியானவர்கள் ஆகிவிட்டோம். அந்தக் காப்பீட்டால் ஒரு மாத்திரைகூட வாங்க முடியாது. தனியார் காப்பீட்டிலும் இடமில்லை, அரசுக் காப்பீட்டிலும் இடமில்லை என்றால் எங்கே போய் நிற்பது?

8. இந்த ஆண்டுப் பொங்கலுக்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். பாக்கி நிற்கும் சட்டியை இந்த முறை எடுத்தே தீருவது என்று என் கணவர் இருக்கிறார். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும் மனிதர். இந்த இருதயத்தோடு சட்டி ஏந்தினால் கோயில் வாசல் வரை தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். நான் அழுதும் பார்த்தேன், சண்டையும் போட்டேன். கடைசியில் ஒரு வார்த்தை வாங்கியிருக்கிறேன்: "ஆபரேஷனுக்குத் தேதி கெடச்சா கட்டல. ஆத்தாகிட்ட அடுத்த வருசத்துக்கு வாய்தா கேட்டுக்கிடுறேன். கெடைக்கலைன்னா அவ விட்ட வழி." அவருக்கு இப்போது நம்பிக்கை என்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். அதையும் வேண்டாம் என்று சொல்ல எந்த முகத்தோடு சொல்வேன்?

ஆகவே ஐயா, எங்கள் பந்தலையும் வீட்டையும் நேரில் பார்த்து வருமானச் சான்று வழங்கவும், அதைக் கொண்டு அரசுக் காப்பீட்டு அட்டையும் ஆபரேஷனுக்கு அனுமதியும் உடனே கிடைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். தனியார் நிறுவனத்தை விசாரிப்பது பிறகு நடக்கட்டும். அதற்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் தேனிக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயரும் அவர்கள் அனுப்பிய பதில்களும் டாக்டர் சீட்டும் இத்துடன் இணைத்துள்ளேன்.

என் மனுவைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர ஒரு மாதம் ஆகும் என்று வெளியே மனு எழுதித் தருபவர் சொன்னார். எங்களுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இவர் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் புறப்படுவார். அப்போது வாசலில் நின்று மறிக்க, என் கையில் தேதி போட்ட ஒரு தாள் வேண்டும்.

இடம்: தேனி
நாள்: 17.03.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
சு. ஜோதிலட்சுமி