கடைசி இரண்டு சொல்

நாகர்கோவில்,
4-2-1951

அம்மாவுக்குச் செல்லக்கனி எழுதுவது.

இந்த முதல் வரியையே மூன்று தாளில் எழுதிக் கிழித்தேன். என்னை வளர்த்த நாகம்மை அத்தை போன ஆவணியில் தவறிவிட்டாள். நான் பி.ஏ. முடித்து, இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் நாடகக் கம்பெனி இங்கே கொட்டகை போட்டிருக்கிறது. எங்கள் பள்ளிக் கட்டட நிதிக்காக ‘பவளவல்லி’யை மறுபடி மேடையேற்றப் போகிறார். பத்தொன்பது வருடம் முன்பு ஐந்தே தடவை நடந்து நின்றுபோன நாடகம். என் நாலு வயதில் நீங்கள் என்னை விட்டுப் போனது அதில் ராணியாகப் பாடத்தான் என்று அத்தை சொல்வாள்.

முழு நாடகம் எழுதிய தாள் எங்குமே இல்லை. அவரவர் நோட்டில் அவரவர் பேச்சும், அதற்கு முன் மற்றவர் முடிக்கும் கடைசி இரண்டு சொல்லும் மட்டும் இருக்கின்றன. எட்டு நோட்டு கிடைத்துவிட்டது. “பி.ஏ. படிச்ச பிள்ளையில்லா, ஒண்ணாச் சேத்து எழுதித் தா மக்கா. ராணி நோட்டு ஒனக்க அம்மைட்டதான் இருக்கும்” என்று அண்ணாச்சி விலாசம் தந்தார்.

நோட்டை அனுப்புவீர்களா?

இப்படிக்கு,
செல்லக்கனி


மதுரை,
10-2-1951

எனக்க செல்ல மகளுக்கு அம்மை எழுதியது.

ஒனக்க எழுத்து அச்சு மாதிரி இருக்கு. ஆர்மோனியம் மரியான்ட்ட காட்டுனேன். “பொய் சொல்லாத முத்துக்கனி, ஒனக்கு ஏது மக?”ன்னாரு. நாகம்மை அக்கா போனதுக்கு எனக்கு ஒரு கார்டு போடப்பிடாதா?

நோட்ட அனுப்ப மாட்டேன். நானே வாறேன். அந்தப் பாட்ட அங்க ஆரு பாடுவா? கடைசிக் காட்சியில, தொலைஞ்ச மகள அடையாளம் கண்டு ராணி பாடணும். அன்னைக்குப் பாடும்போ எனக்க நெனப்பு பூரா நீதான், கேட்டியா. இந்தத் தடவ முன்னால இருந்து கேளு. ரெண்டு நாள் ஒனக்க கூட இருந்துட்டுப் போறேன்.

அன்புள்ள அம்மை,
முத்துக்கனி


நாகர்கோவில்,
15-2-1951

அம்மாவுக்கு,

நீங்கள் வருவதில் அண்ணாச்சிக்கு மிகுந்த சந்தோஷம். எனக்குத்தான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வேலைக்கு மனுப் போட்டபோது, தாய் இறந்துவிட்டாள் என்று எழுதினேன். அத்தைதான் அப்படி எழுதச் சொன்னாள், ஆனாலும் எழுதிய கை என்னுடையது. தலைமையாசிரியை ஜெயபாய் அம்மாள் பொய்யைப் பொறுக்காதவர். தெரிந்தால் வேலையும் விடுதி அறையும் போய்விடும்.

வாருங்கள். தங்குவது கம்பெனியாரோடு இருக்கட்டும். அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டேன். நாம் யாரென்று இங்கே ஒருவருக்கும் தெரியாமல் இருக்கட்டும்.

செல்லக்கனி


நாகர்கோவில்,
12-3-1951

என் அன்புள்ள அம்மா,

கடைசிக் காட்சியில் நீங்கள் பாடியபோது ஜெயபாய் அம்மாளே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் இருந்த பக்கம் மட்டும் நீங்கள் திரும்பவே இல்லை.

மங்களம் முடிந்ததும், “ஏட்டி, நீ போயி அந்தம்மைக்கு மாலையப் போடு” என்று ஜெயபாய் அம்மாள் என்னைத்தான் மேடைக்கு அனுப்பினார். உங்கள் கழுத்தில் மாலையைப் போட்டேன். நீங்கள் கைகூப்பி, “டீச்சருக்கு எந்த ஊரு?” என்று கேட்டீர்கள். “பத்மநாபபுரம்” என்றேன். “நல்ல ஊரு” என்றீர்கள்.

கீழே வந்ததும், “ஒனக்குத் தெரிஞ்ச ஆளா?” என்று ஜெயபாய் அம்மாள் கேட்டார். இல்லை என்றேன்.

விடிந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். நீங்கள் முதல் பஸ்ஸில் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அம்மா, பரீட்சை முடிந்ததும் லீவு. நீங்கள் வரச் சொன்னால் மதுரைக்கு வருவேன். பதிலைப் பள்ளி விலாசத்துக்கே போடுங்கள். யார் பிரித்தாலும் சரி. அது வந்ததும் ஜெயபாய் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள்,
செல்லக்கனி


மதுரை,
20-3-1951

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,

நீங்க கேட்டிருந்த ராணி நோட்டு இத்தோட வருது. இனி வேற ஆளு பாடட்டும்.

இதுல மகளுக்க பேச்சு முழுசா இருக்காது. அவ முடிக்கிய ரெண்டு சொல்லுதான் இருக்கும். அதக் காதுல வாங்கித்தான் ராணி தொடங்கணும். உங்க போன மாசக் கடிதாசி ‘தெரியாமல் இருக்கட்டும்’னு முடிஞ்சுது. அதக் கேட்டுத்தான் நானும் மேடையில நின்னேன். இப்ப வந்த உங்க கடிதாசி பிந்திப் போச்சு டீச்சர். ஆடி முடிச்சு முகத்துச் சாயமும் கழுவியாச்சு.

ஆருட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம். மாலைக்கு ரொம்ப நன்றி.

இப்படிக்கு,
முத்துக்கனி,
நாடக நடிகை