ஸ்பிரேயரின் வலப்பக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்காத மனைவி எழுதுவது. நானும் மகளும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

அக்கா வீட்டில் கைப்பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா? இடது கை தோள்வரை எழும்புகிறது, ஆனால் அழுத்தித் தள்ள வலு வரவில்லை என்று உங்கள் அக்கா சொன்னார். விரல்களைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை.

இடது கை விழுந்தவனுக்கு ஸ்பிரேயர் எதுக்கு, யாருக்காவது தூக்கிக் கொடுத்துடு என்றீர்களே, கொடுக்கத்தான் போனேன். எதிர்வீட்டு டிரைவர் வந்து முதுகில் மாட்டிக்கொண்டு பம்ப் அடியோ அடி என்று அடித்தார். நாசில் முனையில் இருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. இதைப் போயா கொடுக்கிறீங்க அக்கா என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்ததே ரோஷம்! தையல் மெஷினையே பிரித்து மாட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய வித்தையா?

நீங்கள் மயங்கி விழுந்த அன்று கழுவாமல் வைத்தது அப்படியே இருந்தது. மூடியைத் திறந்ததும் அந்தப் பூச்சிமருந்து வாசனை. கொஞ்ச நேரம் அழுதேன், மறைப்பானேன். பிறகு கையுறை போட்டு, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன். நாசிலை ஊசியால் குத்தப் போனபோது, ஓட்டை பெரிசாயிடும் என்று நீங்கள் கத்துவது காதில் விழுந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது. ஒரு நாள் முழுக்க தையல் மெஷின் எண்ணெயில் ஊறப்போட்டேன். இப்போது மூடுபனி மாதிரி தெளிக்கிறது.

அதோடு விட்டேனா? அடியில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினால், வலப்பக்கம் ஒரு ரப்பர் மூடி. அதைப் பிடுங்கினால் உள்ளே ஓட்டை! இடப்பக்கம் பம்ப் கைப்பிடி நுழைகிறதே, அச்சு அசல் அதே அளவு. பதினோரு வருஷம் முதுகில் சுமந்த மனிதர் இதை ஒரு நாளாவது பார்த்தீர்களா? பூட்டியிருந்த பின்னைக் கழற்றி, கைப்பிடியை உருவி, வலப்பக்கம் செருகினேன். சொல்லி வைத்தாற்போல் உட்கார்ந்தது.

அப்புறம்தான் என் கிறுக்குத்தனம். உங்கள் கை மாதிரி இருக்கட்டும் என்று இடது கையில் மூன்று விரல்களைத் துணியால் கட்டிக்கொண்டேன். பாதித் தொட்டி தண்ணீர் நிரப்பி முதுகில் ஏற்றி, வலது கையால் பம்ப் அடித்தேன். இடது கைக்குக் குழாயைப் பிடிப்பது மட்டும்தான் வேலை. குழாயில் விரலால் அழுத்தும் விசைப்பிடி இருக்கிறதே, அதன் கொக்கியைப் போட்டுவிட்டால் அழுத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம். பின்சுவர் முழுக்க நனைத்தேன். இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு தடவைதான் குழாய் நழுவியது.

உங்கள் செடி நர்சரி முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பூச்சி எந்த இலைக்கு அடியில இருக்குன்னு அவருக்குத்தான் தெரியும், மாசக் கடைசி வரைக்கும் வேற ஆள் போட மாட்டேன் என்றார். முழுத் தொட்டி வேண்டாம், பாதி போதும் என்றும் அவரேதான் சொன்னார். இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

டிரைவர் நேற்று மறுபடியும் வந்து, சரியாயிடுச்சாமே, எடுத்துக்கவா என்றார். ஸ்பிரேயரில் ஒரு பாகம் குறைகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பொய்யில்லை. அந்தப் பாகம் இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் இருக்கிறது, விசைப்பிடி. நன்றாகக் கழுவிவிட்டேன், பயப்பட வேண்டாம். காலையும் மாலையும் அதை இடது கையில் பிடித்துப் பாருங்கள். முதல் நாள் கீழே விழும், விழட்டும். எத்தனை விரல் மடங்கியது என்று எனக்கு எழுதுங்கள், ஒன்றே ஆனாலும் எழுதுங்கள். அது இல்லாமல் இங்கே ஸ்பிரேயர் ஓடாது. தபாலில் மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், உங்கள் கையால் கொண்டுவந்து மாட்டுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி