தையல் மிஷினுக்குள் ஒரு குதிகால்

என் ஆசை ரீட்டா,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. நாங்கள் நன்றாக இல்லை. மாதா கோயில் மணி அடிக்கிறது, ஹார்பர் லாரிகள் தெருவை மறித்துக்கொண்டு நிற்கின்றன, ராயபுரம் அப்படியேதான் இருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் மிஷினில் இப்போது நம் மகள் ஷீலா உட்காருகிறாள். ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்க எடுத்திருக்கிறாள். நேற்று மிதியை உதைத்துவிட்டு எழுந்துவிட்டாள். "இன்னா நைனா இது, எவ்ளோ மிதிச்சாலும் ஊர்ந்துகினே கீது. உள்ள இன்னாமோ ஒட்டினியே, அத்த பிச்சுப் போடு. ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள குடுக்கலன்னா இனிமே ஒருத்தரும் துணி தர மாட்டாங்க."

அவள் சொல்வதில் தப்பில்லை. ஒட்டியது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

சர்க்கரையால் உன் கால் மரத்துப்போய், மிதியில் பட்டதா இல்லையா என்றே உனக்குத் தெரியாமல் போனது. மிஷினில் புதிதாக மாட்டிய சர்வோ மோட்டாரோ மிதியைத் தொட்டவுடன் எகிறியது. ஊசி உன் விரலில் இறங்கிய அன்று மிதியோடு இணைந்த மோட்டார் டப்பாவைக் கழற்றினேன். மிதித்தால் உள்ளே ஒரு தகடு விலகும்; சின்ன விளக்கின் வெளிச்சம் எதிரே இருக்கும் சென்சாரில் விழும். வெளிச்சம் கூடினால் வேகம் கூடும். மொத்த வெளிச்சமும் ஒரேயடியாக விழுந்ததுதான் கோளாறு. கறுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிற ஒன்றை நடுவில் ஒட்ட வேண்டியிருந்தது.

நீதான் உன் வலது கால் எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினாய். "யோவ், இத்த வெட்டு. புண்ணு வந்த காலு, இதுக்காச்சும் ஒதவட்டும்." குதிகால் ஓரத்தை வெட்டினேன். சுற்றிலும் கறுப்பு, சதை சாம்பல் நிறம், கடைசியில் எலும்பின் வெளுப்பு. ஒட்டியதும், முழுக்க மிதித்தாலும் மோட்டார் ஒவ்வொரு தையலாகவே நடந்தது. நீ சிரித்தாய்.

அப்புறம் புண் ஆறாமல் அந்தக் காலையே வெட்டி எடுத்தார்கள். "அத்த கேட்டு வாங்கி நம்ம கல்லறையில பொதைச்சுடுய்யா. கடைசித் தீர்ப்பு நாள்ல எழுந்திருக்க சொல்ல ரெண்டு காலும் வேணாமா?" என்றாய். ஆஸ்பத்திரியில் கேட்டேன். எடுத்துப்போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. இப்போதும் குப்பைமேட்டுப் புகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஒற்றைக் காலோடுதான் உன்னைப் புதைத்தோம், ரீட்டா. பங்குச் சாமியாரிடம் அழுதேன். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார். பார்த்துக்கொள்வாரா? நீ இருந்தபோது பார்த்தாரா?

இன்று காலை டப்பாவைத் திறந்தேன். உன் எக்ஸ்ரேத் துண்டு எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடை எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். உன் காலை இரண்டாம் தடவை வெட்டுகிற மாதிரி இருந்தது. வெட்டாவிட்டால் பிள்ளை எப்படிப் பிழைக்கும்?

எடுத்துவிடுகிறேன். வேறு ஃபிலிமில் ஷீலா காலுக்குத் தகுந்தபடி ஒன்று வெட்டி ஒட்டுகிறேன். உன்னுடையதை நவம்பரில் வரும் கல்லறைத் திருநாள்வரை காக்க வைக்க மாட்டேன். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் கொண்டுவந்து, உன் கால்மாட்டில், வலது பக்கமாக, என் கையாலேயே தோண்டி வைக்கிறேன். அது வெறும் ஃபிலிம்தான் என்று எனக்குத் தெரியும். உன் காலில் என்னிடம் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

உன் புருஷன்,
சேவியர்