மாமி தொடாத கீபேட்

புதன், இரவு.

ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் மாமி ஒருவரின் வீட்டில் நேற்று திருட்டு அலாரம் பொருத்தி முடித்தேன். பக்கத்து வீட்டுக் கொல்லைக் கதவைப் போன வாரம் யாரோ உடைத்ததால் வந்த வேலை. இன்று காலை சோதிக்கப் போனேன். அலாரத்தைப் போட்டுவிட்டு, மாமியை வழக்கம்போல இருக்கச் சொன்னேன்.

மாமி குளித்து மடியாக வந்து, தண்ணீர் எடுக்கக் கொல்லைக் கதவைத் திறந்தார். நம்பர் போட்டு அலாரத்தை அணைக்கச் சொல்லி, சுவரிலிருந்த கீபேட் கத்தத் தொடங்கியது.

"நம்பரை அழுத்துங்க மாமி."

"மடியா இருக்கேன். நீ தொட்டதை எப்படித் தொடறது? கிட்ட வராதே."

மரக்கரண்டிக் காம்பால் குத்தினார். விரல் பட்டால் மட்டுமே வேலை செய்யும் கண்ணாடி அது. அழகாக இருக்கிறதென்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். சைரன் தெருவை எழுப்பியது. மாமி விலகி நின்ற பிறகுதான் நான் போய் அணைத்தேன்.

எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தார். "திருடனா மாமி?"

"இல்லே, இந்தப் பிள்ளையாண்டான்தான்!"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ராத்திரி இதைப் போடவே வேண்டாம். போட்டாத்தானே காலம்பற அணைக்கணும்?" மாமி முடிவு செய்துவிட்டார்.

பட்டன் கீபேட் என்றால் கரண்டிக் காம்பே போதும். தென்னூரில் கடை கடையாக அலைந்தேன். "இப்ப யாருங்க அதைக் கேக்குறாங்க? சொல்லித்தான் வரவழைக்கணும்."

நான் தொட்டது. அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் மனசு அந்த வீட்டுப் பக்கமே போகிறது. அலாரம் போடவில்லை என்று காட்டும் பச்சை விளக்கு பேனலில் எரிந்துகொண்டிருக்கும். கொல்லைக் கதவுக்கு இன்றிரவும் பழைய தாழ்ப்பாள் மட்டும்தான்.